அம்மாவின் காலைக் காட்டலாமா? உப்பளம் பற்றிய என் முதல் ஆவணப்படம்

அளத்துப்பிள்ளை, தூத்துக்குடி
கேள்வி

வணக்கம். எனக்கு வயது 24. வீடு முள்ளக்காட்டுப் பக்கம். திருமண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சொந்தமாக ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுதான் முதல் படம். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடியைப் படம் எடுக்க வருபவர்கள் துறைமுகம், பனிமய மாதா கோயில், மக்ரூன், பரோட்டாக் கடை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினால் சாலையின் இரு பக்கமும் கண் கூசும்படி வெள்ளையாக உப்பளங்கள் கிடக்கும். பஸ்ஸில் இருப்பவர்கள் அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளைக்குள் குனிந்து நிற்கிற புள்ளிகளில் ஒன்று என் அம்மா. 30 வருடமாக அளத்து வேலைக்குப் போகிறாள். அங்கே நின்று பார்த்தால் இந்த ஊர் எப்படித் தெரிகிறது என்று 12 நிமிடத்தில் காட்ட வேண்டும். என் படம் அவ்வளவுதான்.

பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை எடுத்தேன். 11 மணி நேரக் காட்சி கையில் இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு அம்மா எழுந்து தூக்குவாளியில் பழைய சோற்றை அடைப்பது, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது, தெருமுனையில் வேனுக்காகப் பெண்கள் குந்தியிருப்பது, இருட்டில் நெற்றியில் கட்டிய விளக்கோடு, உப்பைச் சேர்க்கும் வாருபலகையை இழுப்பது, தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு, விடிந்ததும் உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் குவிப்பது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் எல்லாமே விறுவிறுவென்று நடக்கும்.

ஏப்ரலில் ஒரு நாள் அம்மா வேலை முடிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, நல்ல தண்ணீரில் காலைக் கழுவினாள். பாத வெடிப்புகளுக்குள் உப்பு இறங்கியிருக்கும். ஒவ்வொரு வெடிப்பையும் விரலால் விரித்துக் கழுவிவிட்டுத் தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தடவிக்கொண்டாள். நான் கீழ்ப்படியில் கேமராவை வைத்து மிக அருகில் எடுத்தேன். 40 வினாடி. எடுப்பது அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் தொகுப்பை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். படம் முடிந்ததும் போய்க் கேட்டேன். "எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்தக் காலை மட்டும் எடுத்துவிடு. முகத்தைக் காட்டு, வேலை செய்வதைக் காட்டு. காலைக் காட்டாதே" என்றாள். ஏன் என்று கேட்டேன். குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றாள், பதில் சொல்லவில்லை.

இதுவரை ஐந்து பேர் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து பேரும் அந்தக் காட்சியைத்தான் சொன்னார்கள். சென்னையில் சினிமாவில் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர், "அது போனால் உன் படத்தில் ஒன்றும் இல்லை" என்றே சொல்லிவிட்டார். கனத்த ஆண் குரலில் பின்னணிப் பேச்சும் சோகமான வயலினும் சேர்க்கச் சொன்னார்.

என் கேள்விகள்: அந்தக் காட்சியை வைத்திருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா? பின்னணிக் குரல் தேவையா? காலை ஏழு மணிக்குப் பிறகு எடுத்ததில் எல்லோர் முகமும் கருத்துப்போயிருக்கிறது, என்ன செய்வது? இன்னொன்று, ஜூனில் அளத்துக் கணக்கப்பிள்ளை இனிமேல் கேமரா கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவின் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில் நானும் மேலே பேசவில்லை.


வடக்குமாசிவீதி, மதுரை

தம்பி, 20 வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறேன். பாதிக்கு மேல் ஆவணப்படங்கள்தான். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.

பின்னணிக் குரல் வேண்டாம். பார்ப்பவர் கண் செய்ய வேண்டிய வேலையை அந்தக் குரல் பிடுங்கிக்கொள்ளும். ஃபரீதா பாச்சா 2013இல் எடுத்த 'மை நேம் இஸ் சால்ட்' படத்தைத் தேடிப் பாருங்கள். கட்ச் பாலையில் உப்பு விளைவிக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அதில் விளக்கிச் சொல்லும் குரலே இல்லை. குடும்பம் வேலை செய்துகொண்டே இருக்கிறது, நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், சிறிது நேரத்தில் அந்த வேலையின் முறை நமக்கே பிடிபட்டுவிடுகிறது. வயலினும் வேண்டாம். கல்யாண வீடியோவில் பாட்டுப் போட்டுப் பழகிய கை, சும்மா இருக்கிற இடத்தில் எதையாவது நிரப்பப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை விட்டால்தான் படம் மூச்சு விடும்.

11 மணி நேரத்தை 12 நிமிடமாக்க வழி இதுதான். ஐந்து மாதம் எடுத்ததை ஒரே நாளாக அடுக்குங்கள். யோரிஸ் ஐவென்ஸ் 1929இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மழையைப் பற்றி எடுத்த சிறு படம் ஒன்று இருக்கிறது. பல நாள் பெய்த மழைகளைச் சேர்த்து ஒரே மழைபோலத் தொகுத்திருப்பார். பார்ப்பவருக்கு ஒட்டுத் தெரியாது. மூன்று மணி இருட்டில் தொடங்கி வாசற்படியில் கால் கழுவுவதோடு முடியுங்கள். படத்தின் வடிவம் உங்கள் கையிலேயே இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை.

ஆக, அந்தக் காட்சி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மனம் ஒப்பாமல்தான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். அமுதன் 2003இல் எடுத்த 'பீ' படம் மதுரையில் ஒரு தெருவைச் சுத்தம் செய்யும் பெண்ணின் வேலையை விலகாமல் பார்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன எங்கள் தெருவை எங்களையே உட்கார்ந்து பார்க்க வைத்தது. அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள், அந்தப் பெண் அல்ல. உங்கள் அம்மாவின் காலும் அப்படித்தான். அதை மறைத்தால் உப்பு விற்பவனுக்குத்தான் நிம்மதி. அம்மாவிடம் இதையே எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

கணக்கப்பிள்ளை விஷயத்தில் அடம்பிடிக்காதீர்கள். படம் வெளியானதும் நீங்கள் ஸ்டுடியோவுக்குப் போய்விடுவீர்கள், அம்மா அதே அளத்துக்குத்தான் போக வேண்டும். இருக்கிற காட்சியை வைத்து முடியுங்கள்.

முடித்த பிறகு அனுப்ப இடம் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. புதியவர்களின் படத்தை மரியாதையாகப் பார்ப்பார்கள். திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்திர அகாதெமி 2008இல் தொடங்கிய விழா இருக்கிறது. மும்பை விழா அளவில் பெரியது. முதலில் மதுரை, பிறகு திருவனந்தபுரம் என்று போங்கள். நம் பக்கத்து முகங்களைப் பார்த்துப் பழகிய கூட்டம் அங்கே இருக்கும்.


உப்புமணி, திருநெல்வேலி

மதுரை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அவர்மீது கோபம் இல்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் அளத்துக்காரி மகள்தான். இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது கோடை விடுமுறையில் அம்மாவோடு வேலைக்குப் போவேன். ஒரு நாள் வெளியூரிலிருந்து புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், எங்களுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கித் தந்தார். என் அம்மாவைப் பார்த்து, "அம்மா, காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள்" என்றார். அம்மா வரப்பில் உட்கார்ந்து தூக்கிக் காட்டினாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து எங்கள் வகுப்பில் ஒரு பத்திரிகையைக் காட்டினார்கள். உப்பளத் தொழிலாளியின் கால் என்று முழுப் பக்கத்துக்குப் படம். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அந்தக் காலில் இருந்த மெட்டியைப் பார்த்தேன். இரண்டாம் விரலில் நெளிந்த மெட்டி. அதை வைத்துத்தான் அது என் அம்மா என்று தெரிந்துகொண்டேன். கீழே பெயர் இல்லை. முகம் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் சாகும்வரை சொல்லவில்லை.

தம்பி, உங்கள் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாளே, அது எனக்குத் தெரிந்த நடை.

எங்களைப் பற்றி யார் படம் எடுத்தாலும் காலில்தான் வந்து நிற்கிறார்கள். கேமராவுக்கு அது எளிது. பார்த்தவுடன் மனம் இளகும், பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அண்ணன் சொல்கிறார், வெட்கப்பட வேண்டியது பார்ப்பவர் என்று. என் வகுப்பில் அன்று வெட்கப்பட்டது நான்தான்.

முகத்தைக் காட்டு, வேலையைக் காட்டு என்று அம்மா சொல்லியிருக்கிறாளே, அதை மறுப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எதைக் காட்ட வேண்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். உங்கள் பட்டியலில் சுமப்பது இருக்கிறது, வாருவது இருக்கிறது, வியர்வை இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது எங்கே?

தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை டிகிரியில்தான் சொல்வோம். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். நம் பக்கம் பல அளங்களில் நிலத்தடியிலிருந்து இறைக்கிற உப்புநீர். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு இறங்கும். 30ஐ நெருங்க விட்டால் கசப்பு உப்பெல்லாம் சேர்ந்து இறங்கிச் சரக்குக் கெட்டுப்போகும். டிகிரி பார்க்கக் கண்ணாடிக் கருவி இருக்கிறது. என் அம்மா அதைத் தொட்டதே இல்லை. தண்ணீர் சிவந்து வருவதைப் பார்ப்பாள், இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்து வழவழப்புப் பார்ப்பாள், மேலே பூப்போல உப்பு மிதக்கத் தொடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். "நாளைக் கழித்து வாரலாம்" என்பாள். கங்காணி கருவியை விட்டுப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார். அவருக்குத்தான் கூலி அதிகம்.

இந்த அறிவைக் காட்டிய ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் எடுக்க முடியும், ஏனென்றால் அவள் உங்களுக்குச் சொல்வாள்.

இன்னொரு வார்த்தை. அளத்தில் நின்று பார்த்தால் ஊர் எப்படித் தெரிகிறது என்று காட்ட வேண்டும் என்கிறீர்கள். ஐப்பசி மழை விழுந்தால் அளம் மூடிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை எங்களுக்கு உப்பு வேலை கிடையாது. அந்த மூன்று மாதத்துக்கென்று 2022இல் அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அது வரும்வரை எத்தனை தீபாவளிகள் வட்டிக்கு வாங்கிய பணத்தில் கழிந்தன என்று எங்களுக்குத்தான் தெரியும். அந்த மாதங்களில் அளத்துப் பெண்கள் எங்கே போகிறார்கள்? டவுனுக்குள் வருகிறார்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, ஓட்டல்களில் பாத்திரம் கழுவுவது. பஸ் ஜன்னலில் புள்ளியாகத் தெரிந்தவள் அப்போது அதே பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். உங்கள் படத்தில் ஊர் வரும் இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூனோடு நிறுத்திவிட்டீர்களே.


காதுகொடுப்பவன், நாகர்கோவில்

ஒலிப்பதிவு செய்பவன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அளத்தில் காற்று ஓயாது. கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்பினால் 11 மணி நேரமும் காற்றின் இரைச்சல்தான் இருக்கும். வெளி மைக்குக்கு உரோம உறை போடுங்கள். வாருபலகை நீருக்குள் உப்பை இழுக்கும் சத்தம், வேனின் பின்கதவு, தூக்குவாளி மூடி, இவற்றைத் தனித்தனியே பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். படம் எடுக்கத் தடை இருந்தாலும் பலகைச் சத்தத்தை வீட்டு முற்றத்தில் ஒரு சாக்கு உப்பையும் தண்ணீரையும் வைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தச் சத்தத்தோடு 30 வருடம் வாழ்ந்தவர் வீட்டிலேயே இருக்கிறார், உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் கேமரா, மைக் இணைப்புகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும்.


முகத்துவாரம், எண்ணூர்

முகம் கருத்துப்போவது பற்றி யாரும் சொல்லவில்லை. தரை முழுக்க வெள்ளை என்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. முகத்துக்கு ஏற்ற வெளிச்ச அளவை வைத்துப் பூட்டிவிட்டு எடுங்கள். உப்பு வெளுத்துப்போகும், போகட்டும். ஏற்கெனவே படம்பிடித்த காட்சிகளில் கருமை லேசாக இருந்தால் தொகுப்பில் தூக்கலாம், மிகவும் கருத்திருந்தால் விட்டுவிடுங்கள். இனி எடுப்பதாக இருந்தால் விடிந்த முதல் அரை மணி நேரம்தான் உங்களுக்கு. டீக்கடைக் குழல்விளக்கில் எடுத்த காட்சி துடிக்கிறது என்றால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வினாடிக்கு 25 சட்டகம் வைத்து எடுத்தால் சரியாகும்.

சரி, கால் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி எடுத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்ததே, அதற்குப் பிறகு எடுத்தது. ஓர் அக்கா கருப்பாக எண்ணெய் படிந்த கையை நீட்டிக் காட்டுவார். அது படத்தின் முதல் காட்சி. சென்னையில் ஒரு கல்லூரியில் திரையிட்டோம். கைதட்டினார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு மாணவர் எழுந்து அந்தக் கையைப் பற்றிக் கேட்டார். அக்கா சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் நான் அவரிடம் அந்தப் படத்தைக் காட்டவே இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் என்னிடம் இருந்தது, போதும் என்று நினைத்திருந்தேன். பிறகு எங்கள் தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அக்கா அன்று சொன்னார்: "கையைக் காட்டியதில் எனக்கு ஒன்றும் இல்லை. நான் கேஸ் போட்டது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது எல்லாம் எங்கே? கையை மட்டும்தான் வைத்திருக்கிறாய்." அவர் மணிக்கணக்காகப் பேசியிருந்தார். நான்தான் வெட்டிவிட்டிருந்தேன்.

படத்தைத் திரும்பப் பிரித்துத் தொகுத்தேன். நான்கு மாதம் ஆனது. நீங்கள் முதல் தொகுப்பிலேயே அம்மாவுக்குக் காட்டிவிட்டீர்கள். என்னைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.


வடக்குமாசிவீதி, மதுரை

உப்புமணி, நீங்கள் எழுதிய மெட்டியை இனி எந்தக் கால் காட்சியைத் தொகுத்தாலும் நினைத்துக்கொள்வேன். அம்மா வேண்டாம் என்றால் அந்தக் காட்சி வேண்டாம், அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. எடுத்துச் சொல்லிப் பாருங்கள் என்று நான் எழுதியது தவறு. மகன் கேட்டால் தாய் சரி என்று சொல்லிவிடுவாள். அது சம்மதம் ஆகாது.

ஆனால் ஒன்றில் நான் மாறவில்லை. அந்த வேலை உடம்பை என்ன செய்கிறது என்பது படத்தில் எங்காவது இருந்தாக வேண்டும். அறிவை மட்டும் காட்டினால் அந்த அறிவுக்கு உடம்பு கொடுக்கிற விலை மறைந்துபோகும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கும் அவர் அம்மாவுக்கும்தான் தெரியும்.


அளத்துப்பிள்ளை, தூத்துக்குடி

எல்லோருக்கும் நன்றி. 12 நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

உப்புமணி அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மெட்டி வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளையின் அம்மா எந்த அளம்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு மீதியையும் வாசிக்கச் சொன்னாள்.

அன்று இரவு அவள் பேசிய அளவுக்கு என்னிடம் எப்போதும் பேசியதில்லை. கேமரா இல்லை, கைப்பேசியில் குரலை மட்டும் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன், சரி என்றாள். உப்பை வாருவது பெரிய வேலை இல்லையாம். "வாருவதற்கு யாரைக் கூப்பிட்டாலும் வருவார்கள். ஜனவரியில் மழைத்தண்ணீர் வடிந்ததும் பாத்தி மிதிக்கிறோமே, அதுதான் வேலை" என்றாள். அடித்தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். எங்கே சேறு இளகியிருக்கிறது, எங்கே இறுகிவிட்டது என்று மிதிக்கும் பாதத்துக்குத்தான் தெரியும். சரியாக மிதிக்காத பாத்தியில் உப்போடு மண் வரும், அந்த வருடம் முழுவதும் சரக்குக் கருப்பாகவே இருக்கும். அம்மா மிதித்த பாத்தி எது என்று மார்ச் மாதத்தில் உப்பின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாளாம். 24 வருடம் அவள் மகனாக இருந்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது.

"காலைக் காட்ட வேண்டும் என்றால் அப்போது காட்டு" என்றாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் சொன்னாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழை. தார்ப்பாய் போட்டு மூடியிருந்த அம்பாரங்கள் கரைந்து போயின. அடுத்த மாதம் மிதிக்கப் போனபோது பாத்தி இருந்த இடமே தெரியவில்லை, வரப்பிலிருந்து புதிதாகப் போட்டார்கள். அந்த வெள்ளத்தின்போது நான் கைப்பேசியில் எங்கள் தெருவை எடுத்த காட்சிகள் இருக்கின்றன. மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் மாடியில் இருந்தோம். அவை இந்தப் படத்துக்கு ஆகும் என்று தோன்றவே இல்லை.

மதுரை அண்ணன் கேட்டதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அப்பாவின் முழுக்கைச் சட்டை. வேலை முடிந்து வந்ததும் அம்மா அதைக் கழற்றிக் கொடியில் போடுவாள். உப்பு காய்ந்து முதுகுப்புறம் வெள்ளையாகப் படிந்து, துணி அட்டைபோல விறைத்து நிற்கும். காற்றுக்குக்கூட அசையாது. காலைக் கழுவிய காட்சியிலிருந்து தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் எடுத்து அந்தச் சட்டையின்மேல் வைத்துப் பார்த்தேன். செம்பிலிருந்து தண்ணீர் விழுகிறது, நிற்கிறது, மறுபடி விழுகிறது. இடையில் ஒருமுறை அம்மா பல்லைக் கடித்து மூச்சை இழுக்கும் சத்தம் இருக்கிறது. எடுத்தபோது எனக்குக் கேட்கவில்லை. அம்மாவிடம் காட்டினேன். இந்த முறை எழுந்து போகவில்லை. "சத்தம் இருக்கட்டும்" என்றாள்.

40 வினாடிக் காட்சியை அழித்துவிட்டேன். அம்மா அழிக்கச் சொல்லவில்லை, நானாகத்தான்.

எண்ணூர் அண்ணன் சொன்னபடி எங்கள் தெருவிலும் போட்டுக் காட்டப்போகிறேன், ஆனால் இப்போது இல்லை. அக்டோபரில் அம்மா டவுனுக்கு வேலைக்கு வரும்போது அவளோடு பஸ்ஸில் போவேன். அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. ஜனவரியில் பாத்தி மிதிப்பதை எடுக்க வேண்டும். கணக்கப்பிள்ளையிடம் அம்மாவே பேசுகிறேன் என்றாள். சம்மதிக்கவில்லை என்றால், அளம் வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வேப்பலோடைப் பக்கம் இருக்கிறார். சின்ன அளம். அம்மாவும் அவள் கூட்டாளிகளும் அங்கே ஒரு நாள் மிதித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்த நாளின் கூலியை நான் கொடுக்க வேண்டும் என்ற பேச்சோடு. அம்மாவும் கூலி கேட்டாள். கொடுப்பேன்.

இந்த வருட விழாக்களுக்கு அனுப்ப முடியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மீதி. சேற்றில் பாதம் அழுந்தி எழும் சத்தத்தை எப்படிப் பதிவு செய்வது? மைக்கைக் கீழே வைத்தால் சேறு தெறிக்கிறது, மேலே வைத்தால் காற்று.


உப்புமணி, திருநெல்வேலி

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள். ஆறுமுகநேரிப் பக்கம். பெரிய அளம், ரயில் பாதைக்குக் கிழக்கே.


காதுகொடுப்பவன், நாகர்கோவில்

நீளக் கழியின் நுனியில் மைக்கைக் கட்டி, முழங்கால் உயரத்தில், காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி ஒருவர் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியாது. ஜனவரியில் தேதி முடிவானதும் சொல்லுங்கள். நாகர்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தால் நேரமாகிவிடும். முந்தின நாளே வந்து உங்கள் வீட்டில் தங்கிக்கொள்கிறேன்.